வாசகர் கேள்வி–பதில்: லண்டன் பூங்காக்களும் நம் பால்மரமும்

லண்டனில் படிக்கும் பிள்ளைகளையும் அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளையும் பார்த்துவரப் புறப்படும் பெற்றோர்கள் நம் மலேசியத் தோட்டப்புறங்களில் பெருகிவருகிறார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த கடிதங்களில் அந்நகரின் பூங்காக்களையும் தோட்டங்களையும் பற்றியவற்றை மட்டும் எடுத்து இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகள் லண்டனில் தாதியாகப் பணிபுரிகிறாள். ஜூன் மாதத்தில் நானும் என் கணவரும் அவளுடன் தங்கப் போகிறோம். ஒரே நாளில் நான்கு பூங்காக்களைச் சுற்றிப் பார்க்கும்படி மருமகன் பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறார். கணவருக்கு முழங்கால் வலி உண்டு. இது நடக்கக்கூடிய காரியமா?
— ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, உங்கள் மருமகன் வரைபடத்தைப் பார்த்துப் பட்டியல் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். செயின்ட் ஜேம்ஸ் பூங்கா, கிரீன் பூங்கா, ஹைட் பூங்கா, கென்சிங்டன் தோட்டம் ஆகிய நான்கும் ஒன்றையடுத்து ஒன்றாகச் சங்கிலிபோல் அமைந்திருப்பதால், ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியே வந்துவிடலாம் என்று எவருக்கும் தோன்றும். ஆனால் ஹைட் பூங்கா மட்டுமே 142 ஹெக்டேர். அதையொட்டிய கென்சிங்டன் தோட்டம் இன்னும் 107 ஹெக்டேர். முழங்கால் வலியுள்ளவரை இவ்வளவு தூரம் நடக்க வைத்தால் அன்று மாலையே அவருக்கு லண்டன் கசந்துவிடும்.

அரை நாளுக்கு ஒரு பூங்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் சொன்னால், அந்த அரை நாளிலும் பாதி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றே திட்டமிடுங்கள். அந்நகரத்து மக்கள் பூங்காவை அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். மதிய உணவை மடியில் வைத்துச் சாப்பிடுவதற்கும், புத்தகம் படிப்பதற்கும், வெயில் வந்தால் முகத்தைக் காட்டிக்கொண்டு சும்மா இருப்பதற்கும் வருகிறார்கள். கோடையில் வாடகைக்குச் சாய்வு நாற்காலிகளும் கிடைக்கும். வாடகை வேண்டாம் என்றால் மர இருக்கைகளுக்குப் பஞ்சமில்லை.

உங்கள் இருவருக்கும் நான் முதலில் சொல்வது செயின்ட் ஜேம்ஸ் பூங்கா. அது 23 ஹெக்டேர்தான். நடுவில் நீண்ட ஏரி. ஏரியின் குறுக்கே ஒரு சிறு பாலம். அந்தப் பாலத்தின் நடுவில் நின்றால் ஒரு பக்கம் பக்கிங்ஹாம் அரண்மனை, மறுபக்கம் அரசாங்க அலுவலகங்களின் கூரைகளும் கோபுரங்களும் மரங்களுக்கு மேலே எழுந்து நிற்பது தெரியும். அந்த ஏரியில் கூழைக்கடாக்கள் வாழ்கின்றன. 1664இல் ரஷ்யத் தூதர் இரண்டாம் சார்ல்ஸ் மன்னருக்குப் பரிசாகத் தந்த பறவைகளிலிருந்து தொடங்கிய வழக்கம் அது. பிற்பகல் இரண்டரை மணியளவில் ஊழியர்கள் அவற்றுக்கு மீன் போடுவார்கள். அந்த நேரத்துக்குப் போய்ச் சேருங்கள்.

அடுத்தது ரீஜன்ட்ஸ் பூங்காவின் உள்வட்டத்தில் இருக்கும் குயின் மேரி தோட்டம். சுமார் 12,000 ரோஜாச் செடிகள் அங்கே உள்ளன. அவை முழுவீச்சில் பூப்பது ஜூன் மாதத்தின் முற்பகுதியில் என்பதால் உங்கள் பயணம் சரியான வேளையில் அமைந்திருக்கிறது. ஒவ்வொரு பாத்தியிலும் ஒரே வகை ரோஜாவை நட்டிருப்பார்கள். அவசரப்படாமல் பாத்திக்குப் பாத்தி குனிந்து முகர்ந்து பாருங்கள். நெருங்கிய நிறமுள்ள இரண்டு ரோஜாக்களுக்குள் வாசனை எவ்வளவு மாறுபடுகிறது என்பது அப்போதுதான் புலப்படும். ஹைட் பூங்காவுக்கு ஒரு மாலையில் போய் செர்பென்டைன் ஏரிக்கரையில் மட்டும் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும். ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் சூரியன் மறைகிறது என்பதால், மகள் வேலை முடிந்து வந்த பிறகும் வெளிச்சத்திலேயே போய்வரலாம். கோடைதான் என்று நம்பிக் கம்பளிச் சட்டையையும் குடையையும் வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள்.

கேள்வி: மற்றப் பூங்காக்களுக்குக் கட்டணம் இல்லை என்கிறார்கள்; கியூ தோட்டத்துக்கு மட்டும் ஆளுக்கு இவ்வளவு என்று கேட்கிறார்கள். மலேசிய வெள்ளிக் கணக்கில் மாற்றிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. என் தந்தையார் ஆயுள் முழுதும் ரப்பர் மரத்தில் பால்வெட்டியவர். நானும் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். மரத்தைப் பார்க்க மரக்காட்டிலிருந்து போக வேண்டுமா?
— தோட்டத் தொழிலாளியின் மகன், சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, உங்கள் தயக்கம் நியாயமானது. லண்டனின் எட்டு அரச பூங்காக்களுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது, கியூவுக்கு உண்டு. ஆனாலும் பணம் கொடுத்து ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் அது கியூவாக இருக்கட்டும் என்று உங்களுக்கு உறுதியாகச் சொல்வேன். உங்கள் தந்தையார் வெட்டிய மரத்தின் முன்னோர் அந்தத் தோட்டத்தின் வழியாகத்தான் நம் மண்ணுக்கு வந்தார்கள்.

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலேற்றிக் கியூவில் கொண்டுபோய்ச் சேர்த்தார். நாம் சிறுவயதில் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவர் கையில் வைத்து விளையாடினோமே, வரிவரியாகப் புள்ளி விழுந்த அதே வழவழப்பான விதைதான். அதற்கு ஆயுள் குறைவு. எண்ணெய்ச் சத்து மிகுந்திருப்பதால் விரைவில் கெட்டுவிடும். கடல் கடந்து வந்தவற்றில் சுமார் 2,700 மட்டுமே முளைத்தன. அவற்றில் பெரும்பகுதியை இலங்கைக்கு அனுப்பினார்கள். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்பது நம் பேராக்கின் கோலகங்சாருக்கு வந்து, அப்போது பிரிட்டிஷ் ரெசிடெண்டாக (சுல்தானுக்கு ஆலோசகரான ஆங்கில அதிகாரியாக) இருந்த ஹியூ லோவின் பொறுப்பில் நடப்பட்டன. அந்த நாளில் நட்ட மரங்களில் ஒன்று இன்றும் கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலிக்குள் நிற்கிறது. நம் ஊரிலிருந்து காரில் அரை மணி நேரப் பயணம்தான். லண்டனுக்குப் புறப்படும் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அதைப் பார்த்துவிட்டுப் போங்கள். கியூவில் நீங்கள் காணப்போவது அப்போதுதான் முழுமையாக விளங்கும்.

கன்று வந்தவுடன் தோட்டம் முளைத்துவிடவில்லை. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மெல்லிய சீவலாக எடுத்துப் பால் இறக்கும் முறையை வகுத்தார். அதற்கு முன் மரத்தைக் கோடாலியால் கொத்திப் பால் எடுக்கும் வழக்கமே இருந்தது. விடியலுக்கு முன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் அணிவகுப்புக்கு) நின்று, வெயில் ஏறுவதற்குள் தம் பங்கு மரங்களை முடித்துவிட வேண்டும் என்று உங்கள் தந்தையார் ஓடிய ஓட்டத்துக்கும், பட்டை ஆழமாக வெட்டுப்பட்டுவிட்டால் கங்காணியிடம் வாங்கிய ஏச்சுக்கும் அந்த முறைதான் ஆதி காரணம். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் முதல் ரப்பர்த் தோட்டத்தைத் தொடங்கினார். பின்னர் மோட்டார் வண்டி பெருகி, சக்கரத்துக்கு ரப்பர் வேண்டியதாயிற்று. அந்தத் தோட்ட வேலைக்காக நம் பாட்டன் பூட்டன் கப்பலேறினார்கள்.

இப்போது கியூவுக்கு வருவோம். டிஸ்ட்ரிக்ட் ரயில் பாதையில் கியூ கார்டன்ஸ் நிலையத்தில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் விக்டோரியா வாயில் வந்துவிடும். அதற்கு அருகிலேயே பாம் ஹவுஸ் என்ற பனை மாளிகை நிற்கிறது. 1844இல் கட்டத் தொடங்கி 1848இல் முடித்த இரும்பும் கண்ணாடியுமான கட்டடம் அது. டெசிமஸ் பர்ட்டன் வடிவமைத்தார். ரிச்சர்ட் டர்னர் இரும்பு வேலையை ஏற்றார். சுமார் 16,000 கண்ணாடிப் பலகைகள் அதைப் போர்த்தியிருக்கின்றன. குளிர்காலத்தில் கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகப் படிந்துவிடும். அதைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் முகத்தில் அறைவது மழை விட்ட பின்பு நம் தோட்டத்தில் எழும் அதே ஈரப் புழுக்கம். வெள்ளைச் சாயம் அடித்த சுழல் படிக்கட்டு ஒன்று மேலே போகிறது. அதில் ஏறி நின்றால் மட்டைகளை மேலிருந்து பார்க்கலாம். நாம் அண்ணாந்தே பார்த்துப் பழகியதைக் குனிந்து பார்ப்பது புதிய அனுபவம். ரப்பர், செம்பனை, கொக்கோ என்று நம் வாழ்க்கையை எழுதிய மரங்களெல்லாம் அந்த மாளிகையில் வளர்க்கப்பட்டிருக்கின்றன. ஒரு முக்கியமான எச்சரிக்கை: 2027இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நீடிக்கும் பெரும் சீரமைப்புக்காக அந்த மாளிகையை மூடப்போவதாக நிர்வாகம் அறிவித்திருக்கிறது. ஆகவே நுழைவுச்சீட்டு வாங்கும் முன்பே தோட்டத்தின் இணையப் பக்கத்தில் எது திறந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

அது மூடியிருந்தாலும் போக வேண்டிய இடம்தான். டெம்பரேட் ஹவுஸ் என்ற மற்றொரு கண்ணாடி மாளிகை பனை மாளிகையைப்போல் இருமடங்கு பெரியது; ஐந்தாண்டுச் சீரமைப்புக்குப் பிறகு 2018இல் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கே தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு சைக்கஸ் வகை மரம் இருக்கிறது. அந்த இனத்தில் உலகத்தில் இதுவரை கிடைத்தது ஒரே ஓர் ஆண் மரம், 1895இல் கண்டெடுத்தார்கள், அதன் பக்கக் கன்றுகளே தோட்டம் தோட்டமாகப் போயிருக்கின்றன, பெண் மரம் கிடைக்கவேயில்லை. மரியான் நார்த் காட்சிக்கூடத்தையும் விட்டுவிடாதீர்கள். அந்தப் பெண்மணி தனியாக உலகம் சுற்றி வரைந்த எண்ணூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் சுவர் தெரியாமல் அடுக்கப்பட்டிருக்கின்றன. 1882இல் திறந்த கூடம். சரவாக்குக்கும் வந்து வரைந்திருக்கிறார். அங்குள்ள கெண்டிச்செடி வகை ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

ஐயா, அங்குள்ள பெயர்ப்பலகைகளில் மரத்தின் தாவரவியல் பெயரும் தாயகமும் இருக்கும். அந்த மரத்தின் அடியில் பால் பிடிக்கும் மங்கு ஏந்தி நின்றவர்களின் கதையை உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதற்காகவே போங்கள் என்கிறேன்.

கேள்வி: லண்டனில் உள்ள பூங்காக்கள் எல்லாமே மன்னர்கள் போட்டவைதானா? சாதாரண மக்களுக்கு அதில் பங்கே இல்லையா?
— கல்லூரி மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: நல்ல கேள்வி, தங்கையே. நடு லண்டனில் இருப்பவை பெரும்பாலும் அரச வேட்டைக்காடுகள்தாம். ஹைட் பூங்காவை எட்டாம் ஹென்றி 1536இல் மான் வேட்டைக்காகக் கைப்பற்றினார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1637இல்தான் முதலாம் சார்ல்ஸ் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். ஆனால் மக்கள் கேட்டுப் பெற்ற பூங்காக்களும், போராடிக் காத்த பூங்காக்களும் அதே நகரத்தில் உள்ளன. சுற்றுலா செல்லும் நம்மவர்கள் அவற்றைப் பார்க்காமல் திரும்பிவிடுவதில் எனக்கு வருத்தம் உண்டு.

கிழக்கு லண்டன் துறைமுகத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. அழுக்கு நீரும் புகையும் நோயுமாக மக்கள் இளவயதிலேயே மாண்டார்கள். தங்களுக்கு ஒரு பூங்கா வேண்டும் என்று 1840இல் அங்குள்ள சுமார் 30,000 பேர் விக்டோரியா மகாராணிக்கு மனு எழுதிக் கையொப்பமிட்டார்கள். அதன் பலனாக 1845இல் திறந்ததே விக்டோரியா பூங்கா. வடக்கே ஹாம்ப்ஸ்டெட் ஹீத் என்ற குன்றுப்பகுதியில் வீடு கட்டி விற்க நில உரிமையாளர் முயன்றபோது ஊர் மக்கள் பல ஆண்டுகள் எதிர்த்து நின்றார்கள். 1871இல் சட்டம் இயற்றி அந்தத் திடல் என்றென்றைக்கும் பொதுவில் வைக்கப்பட்டது. இன்று அங்கே பார்லமென்ட் ஹில் என்ற மேட்டில் ஏறினால் நகரம் முழுவதும் காலடியில் தெரியும்.

நம் ஊர்ப் பெண்ணாகிய உனக்கு இது புதிய கதையாக இருக்காது. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களை வாங்கத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கிவைத்தவர், நம் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன். நிலம் கைமாறும்போது அதில் வாழ்பவர்கள் பேசியாக வேண்டும் என்பதை இரண்டு ஊரும் அறிந்திருக்கின்றன. விக்டோரியா பூங்காவுக்குப் போனால் அந்த 30,000 கையொப்பங்களை நினைத்துக்கொண்டு நட.

கேள்வி: வெளியே சாப்பாடு விலை அதிகம் என்கிறார்கள். புளிச்சோறும் நாசி லெமாக்கும் கட்டி எடுத்துச் சென்று புல்தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் யாரும் ஏதேனும் சொல்வார்களா?
— இல்லத்தரசி, சுங்கை சிப்புட்

பதில்: யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் அம்மா. புல்தரையில் பாய் விரித்துக் குடும்பமாகச் சாப்பிடுவது அங்கே அன்றாடக் காட்சி. கியூவுக்குள்ளும் கட்டுச்சோறு கொண்டுபோகலாம். கண்ணாடி மாளிகைகளுக்குள் மட்டும் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். அடுப்பு மூட்டிச் சுடுவதற்கு அரச பூங்காக்களில் அனுமதியில்லை. குப்பையைக் கூடையில் போட்டுவிட வேண்டும். கூடை நிறைந்திருந்தால் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். அணில்கள் பயமின்றி மடிக்கே வரும். அவை தமிழ்நாட்டில் காணும், முதுகில் மூன்று கோடு போட்ட அணில்கள் அல்ல. வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட பெரிய சாம்பல் அணில்கள். உள்நாட்டுச் செவ்வணிலை அவை பெரும்பகுதி விரட்டிவிட்டன. அவற்றுக்குத் தீனி போட வேண்டாம், கடிக்கவும் செய்யும்.

கேள்வி: பேரப்பிள்ளைகள் மான் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ரிச்மண்ட் பூங்காவில் மான்கள் திரிகின்றனவாமே? பாதுகாப்பானதா?
— செம்பனைத் தோட்டத்தின் முன்னாள் தண்டல், சுங்கை சிப்புட்

பதில்: 955 ஹெக்டேர் பரப்புள்ள அந்தப் பூங்காவில் செம்மான்களும் புள்ளிமான் போன்ற ஃபேலோ மான்களுமாக 600க்கும் மேற்பட்டவை கட்டின்றித் திரிகின்றன. குறைந்தது 50 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. உணவு கொடுப்பதும் தொடுவதும் கூடாது. மே முதல் ஜூலை வரை குட்டி ஈனும் காலம். புல்லுக்குள் குட்டியை மறைத்து வைத்திருக்கும் தாய் சீறிப் பாயும். செப்டம்பர், அக்டோபரில் கலைமான்கள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். தோட்டத்தில் காட்டுப்பன்றியிடம் எவ்வளவு எட்டி நிற்பீர்களோ அந்த எச்சரிக்கையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் போகிறவர்கள் அங்கேயே இசபெல்லா பிளான்டேஷன் என்ற பகுதியில் அசேலியாப் புதர்கள் ஓடைக்கு இருபுறமும் பூத்திருப்பதைப் பார்க்கலாம்.

கேள்வி: அங்கிருந்து ஒரு ரோஜாக் கிளையோ, சில விதைகளோ பையில் வைத்துக் கொண்டுவந்தால் நம் வீட்டு வாசலில் வளருமே?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள் அம்மா. பூங்காவில் பூவோ கிளையோ பறிப்பதே குற்றம். அது ஒருபுறம் இருக்க, அனுமதிப் பத்திரமும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் செடியையோ விதையையோ மலேசியாவுக்குள் கொண்டுவரச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. இந்தச் சட்டத்தை வெறும் கெடுபிடியாக எண்ணிவிடக் கூடாது. ரப்பரின் தாயகமான தென் அமெரிக்காவில் ஓர் இலைக்கருகல் நோய் உண்டு. ஒரு பூஞ்சையால் வருவது. தளிர் வர வர அதை உதிர்த்து மரத்தை மொட்டையாக்கிக் கொன்றுவிடும். கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டு 1928இல் அமேசான் காட்டில் ஃபோர்ட்லாண்டியா என்ற பெரும் ரப்பர்த் தோட்டத்தைத் தொடங்கியும் அது வெற்றி பெறாமல் போனதற்கு இந்த நோயும் ஒரு பெரிய காரணம். கியூ வழியாக விதையாக வந்த நம் மரங்களோடு அந்த நோய் வரவில்லை. இன்றுவரை அது நம் நாட்டை எட்டாமல் இருப்பதற்கு எல்லையில் நடக்கும் தாவரச் சோதனை பெரிய அரண். ஒருவருடைய பையில் மறைந்து வரும் ஓர் ஈரக் கிளையில் எந்த நோய் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. சிறுதோட்டக்காரர்கள் இன்னும் பால்வெட்டிப் பிழைக்கும் வட்டாரத்தில் வாழ்கிறோம் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் பார்க்கக்கூடிய பூங்கா ஏதேனும் உண்டா?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஹைகேட் முருகன் கோயில் ஆர்ச்வே சாலையில் இருக்கிறது, நார்தன் ரயில் பாதையில் ஹைகேட் நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து நடக்கும் தொலைவில் ஹைகேட் வுட் என்ற பழங்காடு இருக்கிறது. 28 ஹெக்டேர், கருவாலி மரங்களும் ஹார்ன்பீம் மரங்களும் அடர்ந்தது, 1886 முதல் லண்டன் மாநகராட்சியின் பொறுப்பில் உள்ளது. உள்ளே சிற்றுண்டிச் சாலையும் பிள்ளைகள் விளையாடத் திடலும் உண்டு. கோயில் நடை சாத்தும் நேரத்தை முன்னதாகவே கேட்டுக்கொண்டு, காலைப் பூசையை முடித்ததும் காட்டுக்குப் போங்கள். மழை பெய்திருந்தால் பாதை சேறாக இருக்கும் என்பதால் பட்டுச் சேலையோடு போகிறவர்கள் காலணியை மாற்றிக்கொள்ளுங்கள்.